குளுகுளு கார்

சந்தைக்குக் கிளம்பும் முன் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்திருந்தும் ராமாயி, அன்றைய வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோனாள். அதிலிருந்து அவள் கணவர் வெள்ளியங்கிரிக்கு வெயில் என்றாலே நடுக்கம். மகள் பொன்னாத்தாளையும் கைக்குழந்தையையும் சங்ககிரியில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வந்த மருமகன் சென்னியப்பனிடம், "குளுகுளுன்னு ஒரு காரு கொண்டாங்க மாப்ள. இல்லீன்னா அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கார் வந்து, முன்பக்கம் வேலி மறைவில் இருக்கும்படி நின்றது. ஜன்னல்களில் கட்டியிருந்த வெட்டிவேர்த் தட்டிகளில் தண்ணீர் சொட்டியது. வெள்ளியங்கிரி உள்ளே கையை நீட்டிப் பார்த்தார்.

"சிலுசிலுன்னுதான் இருக்குது. தட்டி காஞ்சு போனா?"

"மைலுக்கு ஒருக்கா தண்ணி தெளிப்பனுங்க மாமா."

"சத்தத்துல கொழந்த முழிச்சுக்குமே?"

"சத்தமே வராதுங்க."

"பொகை நாத்தம்?"

"அதுவும் வராதுங்க."

"அப்ப ஏறிக்கோ, சாமி" என்றார் மகளிடம்.

சென்னியப்பன் முன்னால் போய், காரில் பூட்டியிருந்த இரண்டு காளைகளையும் தட்டிக்கொடுத்தான். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத வருஷம் அது.

"நீங்க காரும் குளிர்ச்சியுந்தான் கேட்டீங்க மாமா. பெட்ரோலைப் பத்திப் பேசவே இல்லீங்களே."

மனைவி போன பிறகு வெள்ளியங்கிரி சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஏனுங்க, ஊடு போய்ச் சேர எந்நேரமாகும்?" என்றாள் பொன்னாத்தாள் உள்ளிருந்து.

"சங்ககிரி அதே ஏழு மைலுதான், அம்மிணி."