ஊக்குகளுக்கும் எரிந்த பச்சை விளக்கு

பொத்தானை அழுத்தத்தான் அவளை மேடைக்கு அழைத்தார்கள்.

அவள் அழுத்தவில்லை.

முன்னால் கண்ணாடிக் குவளை. குவளை நிறைய, காய்ச்சி உப்பு நீக்கிய வாலை வடிநீர். நீருக்குள் இரண்டு வெள்ளிக் கம்பிகள். கம்பிகளைக் கவ்விய ஒயர்கள் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போயின.

இருபத்தேழு வோல்ட், என்று அரை மணி நேரம் முழங்கியிருந்தார் பெட்டி விற்க வந்த சித்தேஸ்வரன். நரம்பில் ஓடும் மின்சாரமும் இதுவே. வெள்ளியின் உயிர் நீரில் இறங்கினால் மட்டுமே பச்சை விளக்கு எரியும். எரிந்தபின் அந்த நீர் கிருமியைத் தேடிப் பிடித்துக் கொல்லும். மாத்திரை எதற்கு?

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. நோய்க்கு அஞ்சியவர்கள் வந்திருந்தார்கள். மருந்துக்கு அஞ்சியவர்கள் அவர்களைவிட அதிகம்.

மேடையோரத்து நாற்காலியில் அவள் தங்கை பூங்காவனம்.

காசநோய். ஆறு மாத மாத்திரையில் இரண்டு மாதம் விழுங்கியவள். இருபத்திரண்டு நாளாக அதை நிறுத்திவிட்டு, இந்த நீரைக் குடிக்கிறாள். சற்று நேரத்தில் எழுந்து, குணமாகிவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லப் போகிறாள்.

அக்கா கெஞ்சியிருந்தாள். அழுதிருந்தாள். மாத்திரையைச் சோற்றுக்குள் ஒளித்தும் பார்த்திருந்தாள். உனக்கு என்ன தெரியும் என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள் தங்கை.

அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொலுசுப் பட்டறையில் வெள்ளி முலாம் பூசுகிறவள் அவள். நீருக்குள் மின்சாரம் என்ன செய்யும் என்பதை அவள் விரல்கள் படித்திருந்தன. புதிய மின்பெட்டி வந்தால் பட்டறையில் யாரும் முதலில் வெள்ளியைத் தொங்கவிடமாட்டார்கள். துண்டு இரும்பைத் தொங்கவிட்டுப் பெட்டியின் குணத்தைப் பார்ப்பார்கள். வெள்ளி அதற்குப் பிறகுதான்.

அவள் வெள்ளிக் கம்பிகளைக் கழற்றினாள்.

கழற்றி, மேசைமேல் வைத்தாள்.

வாலை வடிநீரைச் செடித்தொட்டியில் ஊற்றினாள். மேடைப் பக்கத்துக் குழாயைத் திறந்து குவளையை நிரப்பினாள். ஆழ்துளைக் கிணற்று நீர். வாயில் வைத்தால் கரிக்கும்; உப்பிருந்தால் மின்சாரம் எளிதில் ஓடும்.

“அம்மா, என்னம்மா பண்றீங்க? பட்டனை மட்டும் அமுக்கிட்டுப் போங்க!” என்று பதறினார் சித்தேஸ்வரன்.

அவள் தாலிக்கயிற்றில் கை வைத்தாள்.

மண்டபம் திடுக்கிட்டது.

கயிறு கழுத்திலேயே கிடந்தது. அதில் கோத்திருந்த இரண்டு ஊக்குகள் மட்டும் கைக்கு வந்தன. ஒன்று முந்தானைக்கு, மற்றொன்று ஆபத்துக்கு என எல்லாப் பெண்களும் மாட்டிக்கொள்கிற இரும்பு ஊக்குகள்.

விரித்தாள். ஒயர்களைக் கவ்வவிட்டாள். நீரில் இறக்கினாள்.

இப்போது அழுத்தினாள்.

ஒரு நொடி.

இரண்டு.

பச்சை!

அந்தச் சின்னஞ்சிறு விளக்கு எரிந்த எரிப்பில் அரை மணி நேரச் சொற்பொழிவு சாம்பலாயிற்று.

“இது வெள்ளிக்குன்னே செஞ்ச பெட்டிம்மா!”

“உங்களுக்குத் தெரியுதுங்க. பெட்டிக்குத் தெரியலையே!”

கடைசி வரிசையில் ஒருவர் சிரித்தார். அடுத்த வரிசை பிடித்துக்கொண்டது. “ஏனுங்க, ஊக்குக்கும் உயிர் இருக்குதாட்டம்!” என்றாள் ஒருத்தி. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறி வந்து மேடையை மோதிற்று. மின்சாரம் வெள்ளியென்று வணங்குவதில்லை, இரும்பென்று ஒதுக்குவதில்லை. வழி கிடைத்தால் பாய்கிறது. அதற்கு மந்திரம் ஏது, மகிமை ஏது? படிப்பு நான்காம் வகுப்போடு நின்ற ஒருத்தி, ஒரு சொல்லும் கடன் வாங்காமல், அதைக் குவளைக்குள் காட்டிவிட்டாள்.

அவள் குவளையை எடுத்தாள். ஊக்கின் முனையில் துரு மஞ்சளாகக் கசியத் தொடங்கியிருந்தது.

சித்தேஸ்வரனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

அவர் கை ஒலிவாங்கியைத் தேடிப் பிடித்தது. அவருக்கு இன்னும் ஒரு சாட்சி மிச்சம். நாற்காலிக்கு ஓடி, பூங்காவனத்தின் வாயருகே அதைப் பிடித்தார்.

“நீயே சொல்லு கண்ணு. உடம்பு எப்படி இருக்குது?”

சிரிப்பு நின்றது.

பூங்காவனம் பச்சை விளக்கைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். அது அடங்க நேரம் பிடித்தது.

பிறகு ஒலிவாங்கியைத் தானே வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, மாத்திரையை விட்ட எடத்துல இருந்து குடுப்பாங்களா, மொதல்ல இருந்தா?”

கேள்வி ஒலிபெருக்கி வழியே வாசலைக் கடந்து தெருவரை போயிற்று.

அக்கா மேடையை விட்டு இறங்கி, வாசலில் குவிந்து கிடந்தவற்றில் தங்கையின் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.