அறுவை அரங்கு வாசலில்

கேள்விப்பட்ட கதைதான்; காலையா மாலையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஆறு வயது மகளுக்கு அவசர இதய அறுவை சிகிச்சை. முகக்கவசம் அணிந்திருந்த அவளுடைய அப்பா, உள்ளே போகவிருந்த மருத்துவரை வாசலில் மறித்தார்.

"சாமி கும்பிட்டுட்டுத்தானே கத்தியத் தொடுவீங்க, டாக்டர்?"

"முன்னாடியெல்லாம் இந்தக் கதவுகிட்ட ரெண்டு நிமிஷம் கண்ண மூடி நிப்பேன் சார். ஒரு காமெடியன் மேடையில சாமியக் கிண்டலடிச்சதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அதோட விட்டுட்டேன்."

அப்பா முகக்கவசத்தைக் கீழே இழுத்தார்.

"அந்தப் பாவி நான்தான் டாக்டர். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கும்பிட்டுட்டுப் போங்களேன்!"

மருத்துவர் அவரையே பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். மருத்துவர் கும்பிடுவதை அதன்பிறகு விடவில்லை. அப்பா மறுவாரமே மேடையேறிச் சாமியைக் கிண்டலடித்தார். மருத்துவர் மட்டும் பார்க்கப் போவதில்லை.