ஆறு மணிச் சாதகம்

"ஆ... ஆ... ஆ..."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது. மணி ஆறு அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குத்தாலிங்கம் காபி டம்ளரை நங்கென்று வைத்தார்.

"முத்துவடிவு! காலங்காத்தால மனுசன் கேக்கக்கூடிய சத்தமா இது?"

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து.

தென்காசியில் அந்த வளவில் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பின்னால் கிணறும் பொது. பக்கத்து வீட்டில் சுகிர்தம் குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்து இரண்டு வருஷமாகச் சத்தமே இல்லாமல் இருந்தவள்தான். மூன்று வாரமாகத்தான் இந்தக் கூத்து.

குரலைத் தானே பழகி வளர்த்துக்கொள்ள மெட்ராஸிலிருந்து ஒரு புஸ்தகம் வி.பி.பி. தபாலில் வந்திருக்கிறதாம். மூச்சை இழுத்து அடக்கணும். வாயை மூடிக்கொண்டு முனகணும். பிறகு வாயை முழுசாகத் திறந்து 'ஆ' என்று நீட்டணும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அப்புறம் அரை மணி நேரம் கீர்த்தனை. ஒரு வரி ஓட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். அடுத்த வரி கிணற்றுக்குள் விழும்.

தாங்க முடியாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு தெருவாசலுக்குக் கிளம்பினார். எதிரே மகள் அகிலாண்டேஸ்வரி குடத்தோடு வந்தாள். வாத்தியார் டிரெயினிங் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

"ஏட்டி, வாசுதேவநல்லூர் பள்ளிக்கூடத்துல இன்டர்வியூவுக்கு என்னைக்கு வரச் சொல்லிருக்காங்க?"

"அ... அடு... அடு..."

"சட்டுனு சொல்லித் தொலையேன்!"

"அடுத்த... வா... வாரம்."

"ராயகிரில பாடம் நடத்திக் காட்டச் சொன்னப்ப, வாயே தொறக்காம மரம் மாதிரி நின்னுட்டு வந்தே. இங்கயும் அப்படித்தானா?"

அகிலா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குத்தாலிங்கம் நேரே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நர்ஸம்மா, சொல்லுதேன்னு கோவிக்கக் கூடாது. உங்களுக்குப் பாட்டு வராது. விட்டுருங்க."

"பழகினா வரும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு அண்ணாச்சி."

"அப்ப குத்தாலத்துக்குப் போய் அருவிக்குக் கீழ நின்னு பழகுங்க. சீசன்தானே? அங்கன நீங்க கத்துதது ஒருத்தர் காதுலயும் விழாது."

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு மணிக்கு டூட்டிக்குப் போணும்லா. குத்தாலம் போயிட்டு வர எனக்கு நேரமேது?"

மறுநாள் இன்னும் பலமாகக் கேட்டது.

வீட்டுக்காரருக்கு ஒரு கடுதாசி எழுதிவிடுவது என்று குத்தாலிங்கம் முடிவு கட்டினார். அதற்குள் ஆபீஸ் டைப்பிஸ்டுக்குக் கல்யாணம் வந்தது. இலத்தூர் மாதா கோயிலில். வேஷ்டி மடிப்புக் கலையாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பாதிரியார் ஜெபம் முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் குரல் எழும்பியது. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. குத்தாலிங்கத்துக்குக் கண்ணில் நீர் கட்டியது.

பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "யாருங்க பாடுதது?"

"தெரியாதா? எங்களுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக் குடுக்கவளே அவதான். நர்ஸ் சுகிர்தம்."

கண்ணில் கட்டிய நீர் அங்கேயே காய்ந்துபோனது.

மறுநாள் காலை ஆறு மணி. முதல் 'ஆ'வை அவர் படுக்கையில் இருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இரண்டாவது கீர்த்தனை கிணற்றுக்குள் விழுந்தபோது எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்.

சுகிர்தம் பாட்டை நிறுத்தினாள்.

"நேத்து இலத்தூர்ல கேட்டேன் நர்ஸம்மா! இவ்வளவு நல்ல தொண்டைய வச்சிக்கிட்டு, வேணும்னே கத்தி எங்க உயிரை வாங்குதியளே! உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

சுகிர்தம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

கிணற்றடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, மூச்சு வாங்கி, நிதானமாக.

"பிள்ளைகளே... மழை எப்படிப் பெய்கிறது? கடலிலிருந்து கிளம்பின மேகம்... மலையில் வந்து முட்டுகிறது. அங்கே... கு... குளிர்ந்து..."

அந்தக் குரல் யாருடையது என்று பிடிபட அவருக்கு ஒரு கணம் ஆனது. அதற்குள், பாட்டு நின்றுவிட்டது அங்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "கு... கு..." என்று தடுமாறி, அப்படியே அடங்கிப்போனது.

"புஸ்தகம் அகிலாவுக்காக வாங்கினது அண்ணாச்சி," என்றாள் சுகிர்தம். "சத்தமா வாசிச்சுப் பழகணும்னு அதுல போட்டிருக்கு. 'அப்பா காதுல விழுந்தா எனக்கு வாயே வராதுக்கா'ன்னு அழுதா."

"அதுக்கு நீங்க இப்படியா பாடணும்? நல்லாத்தான் பாடினா என்னவாம்?"

"நல்லாப் பாடினா நீங்க உள்ளேயே உக்காந்து கேப்பிய. மோசமாப் பாடினாத்தானே பேப்பரைத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போவிய?"

குத்தாலிங்கம் கிணற்றுப் பக்கம் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. அவர் குரலும் தானாகத் தாழ்ந்தது.

"பாடுங்க தாயி, சீக்கிரம்... நான் இங்க வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்."