கோதண்டத்தின் வயிறு

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டா, அண்ணாத்தே?"

கடைக்காரி நாகவல்லி கேட்டதும் கோதண்டம் தலையை ஆட்டினான். நாலாவது முறையாக அவன் இலையில் சோறு விழுந்தது. பூந்தமல்லி சந்தைக்கு எதிரே இருந்த அந்தச் சோற்றுக்கடையில் அத்தனை பேர் கண்ணும் அவன் வயிற்றின் மேல்தான் இருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. அரிசி கிடைப்பதே அரிது. அந்த நேரத்தில் ஒருவன் இப்படிச் சாப்பிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கோதண்டம் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அவனாக வாய் திறந்து ஒரு பருக்கை கேட்டதில்லை. நாகவல்லி கேட்டால் தலையை ஆட்டுவான். கடைசிக் கவளங்களை மோரைக் குடித்துக் குடித்துத்தான் உள்ளே தள்ளுவான்.

எதிர் இலையில் இருந்த மாட்டுத்தரகன் சம்பத் அன்று வாயை அடக்கவில்லை.

"இன்னாமே, இந்தாளுக்கே அண்டாவ கவுத்துடுவ போல கீதே! அயனம்பாக்கம் ஏரி கூட ஒரு மழைக்கு ரொம்பிடும், இது ரொம்பாது."

கடையே சிரித்தது. நாகவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோதண்டமும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மீதிச் சோற்றோடு இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு அவன் கடைப்பக்கம் வரவில்லை. வண்டி மட்டும் சந்தைக்கு வந்து போனது. ஆடி பிறப்பதற்குள் அவன் தோளில் சட்டை தொங்க ஆரம்பித்தது.

"பாத்தியா, நாம சொன்னது வேல செஞ்சிடுச்சி. இப்பதான் ஆளு பாக்கறாப்ல கீறான்" என்று சம்பத் பெருமையடித்தான்.

நாகவல்லிக்குப் பெருமையாக இல்லை. பெண்சாதி செத்துப்போன பிறகு தனியாகக் கிடக்கிற மனுஷன், பொங்கிப் போட ஆளில்லாமல் பட்டினி கிடக்கிறான் என்று நினைத்தாள். தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு அவன் வீடு இருந்த காட்டுப்பாக்கத்துக்கு நடந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. கோதண்டம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் போட்ட சோறு போட்டபடி ஆறிக் கிடந்தது. அடுப்பில் குழம்பு. பானையிலும் சோறு மீதி இருந்தது.

"அன்னிக்கி நானும் சிரிச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க அண்ணாத்தே" என்றவள், பானையைப் பார்த்துத் திகைத்தாள். "இது யாரு பொங்கனது?"

"நான்தான் தங்கச்சி. அவ படுக்கையில வுழுந்தப்பவே கத்துக்கினேன்."

"ஊட்லயே சோறு கீது, கொழம்பு கீது. அப்பறம் எதுக்கு என் கடைக்கு வந்து மூச்சு முட்டத் துன்னீங்க? அம்மாம் பசியா?"

கோதண்டம் தட்டை மெல்ல ஓரமாகத் தள்ளினான்.

"பசிக்கு துன்னல தங்கச்சி. இன்னும் வெக்கட்டான்னு கேக்க நீ ஒருத்தியாவது கீறியேன்னு துன்னேன்."