சீட்டிலிருந்து ஒரு போல்ட்

வானலையில் முகம் தெரியாதவர்களோடு பேச உதவும் ஹாம் ரேடியோவின் பெட்டி காருக்குள் காலை வெயிலில் மின்னுகிறது. அதன் தாங்கியைக் காரின் தரையில் பதிக்க உறுதியான போல்ட் கிடைக்காமல், மனைவியின் சீட்டிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டிருக்கிறார் கணவர். சீட்டுக்கு மாற்று போடவில்லை. "ஏங்க, என் சீட்டு ஆடுது." "நீ ஆடாம உக்காரு, அது ஏன் ஆடப்போகுது?" ஸ்பேனரை வைத்துவிட்டு, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் பெட்டியின் திரையில் படிந்த தூசியைச் சுண்டுவிரலால் நீக்குகிறார். அந்த விரலுக்கு இவ்வளவு பதம் தெரியும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு இன்றுதான் தெரிகிறது. கார் கிளம்புகிறது. ஆளில்லாத தெருவில் வேகமெடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பிரேக்கை அழுத்துகிறார். சீட்டு அவளையும் தூக்கிக்கொண்டு முன்னால் சாய்கிறது. முழங்கால் பெட்டியின் விளிம்பில் மோதித் தோல் கிழிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கிறாள். அதை வெடுக்கென்று பிடுங்கி, பெட்டியில் தெறித்த ரத்தத்தைத் துடைக்கிறார். பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, துளிகூட அசையல!" கைக்குட்டையை அவள் மடியில் போடுகிறார். "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துரலாம்" என்று ரிவர்ஸ் கியரைப் போடுகிறார்.