கிணற்றடித் துஆ

அஸர் நேரத்துப் பின்னேர வெயில் குசினி ஜன்னலில் சாய்ந்து விழுகிறது. சுகாதாரப் பரிசோதகர் நேற்று கிணற்றுநீர் நிரப்பி வைத்துப்போன சிறு போத்தலை ஜெஸீமா தூக்கிப் பார்க்கிறாள். கிருமி இருந்தால் கறுக்கும் என்றிருந்தார். உள்ளே மைபோலக் கறுத்திருக்கிறது. வாவிக் காற்றில் வெளியே கப்பி கிறீச்சிடுகிறது. நாலு வருஷத்துக்கு முன் மௌத்தாகிப்போன கணவன் கலந்தருக்கு நன்மை சேர, அவர் பேரில் தெருவுக்கே ஸதக்காவாக அவள் திறந்துவிட்ட கிணறு. பத்தடி தள்ளி, மகளுக்குச் சீதன வீடு கட்டியபோது வெட்டிய மலசலகூடக் குழியின் சீமெந்து மூடி வெள்ளையாக மினுங்குகிறது. போத்தலோடு அவள் முற்றத்துக்கு வருகிறாள். அடுத்த வீட்டு நுஸ்ரா வாளியை இழுத்துக்கொண்டே சொல்கிறாள்: “மகளுக்கு வயித்தோட்டம் இன்னும் நிக்கல்ல, ராத்தா. வேற தண்ணி ஒண்டும் குடுக்கல்ல. உங்கட தண்ணியத்தான் பருக்குறன்.” ஜெஸீமா வாயைத் திறக்கிறாள். அதற்குள் நுஸ்ரா, இங்கே தண்ணீர் அள்ளும் எல்லோரையும்போல, ஒரு கை குடித்துவிட்டுக் கண்களை மூடி, கபுறில் அடங்கியிருப்பவருக்காகத் துஆக் கேட்கிறாள். “யா அல்லாஹ், கலந்தர் காக்காட கபுற வெளிச்சமாக்கு.” போத்தல் பிடித்த கை முக்காட்டுக்குள் போகிறது. நாலு வருஷப் பழக்கத்தில் ஜெஸீமாவின் வாய் தானாக “ஆமீன்” என்கிறது.