கட்டிலுக்கடியில் இடது செருப்பு

வாசலில் கிடந்த வலது செருப்புக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் தணிகாசலத்தின் கம்பெனி பஸ் வருகிற நேரம். ஜோடியோ கட்டிலுக்கடியில், போண்டா என்கிற நாயின் வாயில்.

"டேய் போண்டா, மரியாதையா விடு! பஸ் போயிடும், தணிகாசலம் கத்தப்போறார்!" என்று வாசலிலிருந்தே அதட்டியது வலது செருப்பு.

"கத்தட்டும்," என்றது நாய், கவ்விய வாயோடு. "நீங்க ரெண்டும் சேர்ந்துட்டா அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல."

தணிகாசலம் திட்டிக்கொண்டே வீடெல்லாம் தேடி, கடைசியில் முட்டிபோட்டுக் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். போண்டா செருப்பைப் போட்டுவிட்டு அவர் மூக்கை நக்கியது. "அடப்பாவி!" என்று சிரித்தபடி அவர் தரையிலேயே உட்கார்ந்து அதன் காதைச் சொறிந்தார். இடது செருப்பு அவர் மடியில் கிடந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜோடி கிடந்த மடியை எட்டி எட்டிப் பார்த்துத் தவித்த வலது செருப்பு மெல்லக் கூப்பிட்டது:

"போண்டா, நாளைக்கு என்னைத் தூக்கிட்டுப் போடா."